கேமராவுக்கு முன்னே இருநூறு குதிப்புகள்

தலைக்கவசத்தில் சிறு கேமராவைப் பொருத்திக்கொண்டு வண்டி ஓட்டுவது கிருஷ்ணகிரி மாவட்டத்து நெடுஞ்சாலைகளில் இன்று புதிய காட்சியாக இல்லை. போச்சம்பள்ளியில் 2021ஆம் ஆண்டு ஓலா நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை எழுந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் ஆகிய நிறுவனங்கள் ஓசூரைத் தொழில் நகரமாக்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை வாரச் சந்தையால் பெயர் பெற்றிருந்த போச்சம்பள்ளியைச் சுற்றி மாதச் சம்பளம் பெறும் இளம் தலைமுறை ஒன்று இவ்வாறு உருவாகியிருப்பதால், பெங்களூரின் வார இறுதிப் பொழுதுபோக்குகள் அதற்கு எட்டாதவையாக இல்லை. அவற்றுள் வான்குதிப்பும் ஒன்று. வானூர்தியிலிருந்து குதித்து, குறிப்பிட்ட உயரம் வரை வான்குடையை விரிக்காமல் விழுந்து, பின்னர் அதை விரித்துத் தரையிறங்கும் இந்த விளையாட்டை ஸ்கைடைவிங் என்ற பெயரிலேயே பலரும் அறிவார்கள். அதில் ஆர்வம் கொள்ளும் ஒருவருக்கு முதலில் தோன்றும் ஆசை, தாம் விழுவதைத் தாமே படம்பிடிக்க வேண்டும் என்பதாகும். அந்த ஆசை இயல்பானது. ஆனால் அது எப்போது நிறைவேறலாம் என்பதைப் பயிற்சி மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

உலகின் பல நாடுகளில் பின்பற்றப்படும் பயிற்சி முறை அமெரிக்க வான்குடைச் சங்கத்தின் கையேட்டை அடியொற்றியது. அச்சங்கம் நான்கு படிகளாக உரிமம் வழங்குகிறது; 25 குதிப்புகளில் ஏ உரிமம், 50இல் பி, 200இல் சி, 500இல் டி என்று குறைந்தபட்ச எண்ணிக்கை வகுக்கப்பட்டிருக்க, ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகத் திறன் தேர்வுகளும் உண்டு. கேமராவுடன் குதிக்க விரும்புபவர் குறைந்தது 200 குதிப்புகளை முடித்திருக்க வேண்டும் என்றும், கேமராவோடு அணியப்போகும் அதே வான்குடைத் தொகுதியில் அண்மைக் காலத்தில் 50 குதிப்புகளாவது செய்திருக்க வேண்டும் என்றும் அக்கையேடு கூறுகிறது. இது பரிந்துரைதான், சட்டமன்று. எனினும் குதிப்புத் தளங்கள் பல இதையே தங்கள் விதியாகக் கொண்டு, 200 குதிப்புகள் பதிவேட்டில் இல்லாதவரைக் கேமராவுடன் விமானத்தில் ஏற்றுவதில்லை. கட்டைவிரல் பருமனே உள்ள கேமராவுக்கு இத்தனை கெடுபிடியா என்ற கேள்வி புதியவர்களிடம் தவறாமல் எழுகிறது. அக்கேள்விக்கு விடை சொல்ல, விழும் உடலுக்குக் கிடைக்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

வயிறு தரையை நோக்கியிருக்கக் கைகால்களை விரித்து விழும் மனித உடல், முதல் ஆயிரம் அடியைக் கடக்க ஏறத்தாழ 10 விநாடி எடுத்துக்கொள்கிறது. அதன்பின் காற்றின் தடையும் புவியீர்ப்பும் சமநிலை அடைவதால் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் அளவில் நிலைபெற்று, ஒவ்வோர் ஆயிரம் அடியும் ஐந்தரை விநாடி அளவில் கழிகிறது. 10,000 அடியில் குதித்து 4,000 அடியில் வான்குடையை விரிப்பவருக்கு இவ்வாறு கிடைப்பது முக்கால் நிமிடத்திற்கும் குறைவான நேரமே. கேமராவின் சிவப்பு விளக்கு எரிகிறதா, நண்பரின் முகம் சட்டத்திற்குள் வருகிறதா என்று ஐந்து விநாடி நினைத்துக்கொண்டிருந்தால், அதற்குள் ஏறக்குறைய 270 மீட்டர் உயரம் கழிந்துவிடும். வான்குடையை விரிக்காமல் 3,000 அடியைத் தாண்டிவிட்ட உடல் தரையைத் தொட 17 விநாடியே மீதம் இருக்கும். ஏ உரிமம் பெற்றவர் வான்குடையை விரிக்க வேண்டிய குறைந்தபட்ச உயரமாக அதே 3,000 அடியை வகுத்தவர்கள், விரிக்கும் செயலுக்கும், விரியாவிட்டால் முதன்மை வான்குடையைக் கழற்றி மாற்று வான்குடையை இழுக்கும் செயலுக்கும் தேவைப்படும் விநாடிகளை எண்ணிப் பார்த்தே அதை வகுத்தார்கள். படம்பிடிப்பதற்கான விநாடிகள் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

தொடக்கநிலைக் குதிப்பாளரின் கவனம் முழுவதும் ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிறது என்பதே இங்கு உணர வேண்டிய அடிப்படை உண்மை. உயரமானியைப் பார்ப்பது, உடலைச் சுழலாமல் நிறுத்துவது, அருகில் விழுபவரிடமிருந்து விலகுவது, காற்றின் திசையை நினைவில் வைப்பது ஆகிய ஒவ்வொன்றையும் அவர் எண்ணி எண்ணியே செய்கிறார். வண்டி ஓட்டக் கற்ற மறுவாரமே டிவிஎஸ் 50இன் பின்னால் இரண்டு மாங்காய் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் புறப்படுபவரின் நிலைதான் அவருடையதும். பழகியவருக்கோ இவையனைத்தும் கையும் உடலும் தாமாகச் செய்யும் வேலைகளாகிவிட, மனத்தில் ஓரிடம் காலியாகிறது. கேமராவுக்கு உரிய இடம் அதுதான். அது காலியாகும் முன் கேமராவை ஏற்றினால், உயரத்தைக் கவனிக்கும் வேலையோ விலகிச் செல்லும் வேலையோ வெளியே தள்ளப்படும்.

கவனச் சிதறலோடு இன்னோர் ஆபத்தும் சேர்கிறது. அதைப் புரிந்துகொள்ள வான்குடை விரியும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். குதிப்பாளர் வலக்கையைப் பின்னே கொண்டுசென்று, முதுகுப் பையின் அடிப்புறத்திலுள்ள உறையிலிருந்து பைலட் சூட் எனப்படும் சிறு குடையை உருவிப் பக்கவாட்டில் வீசுகிறார். காற்று அதைப் பிடித்ததும், அதனோடு இணைந்த நீண்ட பட்டை விறைத்துப் பையைப் பூட்டியிருக்கும் ஊசியை உருவுகிறது. உள்ளிருக்கும் துணிப்பொதி மேலெழ, அதிலிருந்து கயிறுகள் ஒவ்வொரு மடிப்பாக நீண்டு, கடைசியில் துணி விரிகிறது. சில விநாடிகளில் முடிந்துவிடும் இந்நிகழ்வின்போது பட்டையும் கயிறுகளும் தோளையும் தலையையும் ஒட்டியே மேலே போகின்றன. உடல் சற்றுச் சாய்ந்திருந்தாலோ சுழன்றுகொண்டிருந்தாலோ, தலைக்கவசத்தின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் கேமராவிலோ அதன் தாங்கியிலோ ஒரு கயிறு மாட்டிக்கொள்ளப் போதிய வாய்ப்பு உண்டு. அப்படி மாட்டிய நிலையில் முதன்மை வான்குடையைக் கழற்றினால் அது முழுவதும் விலகாமல் தலையைப் பிடித்து இழுக்கும். அதன்மேல் மாற்று வான்குடையை விரித்தால் இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளலாம். எனவே கேமராவுக்கெனச் செய்யப்படும் தலைக்கவசங்களில், ஒரே இழுப்பில் கவசம் முழுவதையும் உதறிவிடும் விடுவிப்புப் பிடி வைக்கப்படுகிறது. அந்தப் பிடியை எந்த நொடியில் இழுப்பது என்ற முடிவு, புதியவர் தரையில் மனப்பாடம் செய்த அவசரகால வரிசையில் இடம்பெறாத கூடுதல் முடிவாகும்.

தலைக்குப் பதிலாக மணிக்கட்டிலோ மார்பிலோ பொருத்தினால் சிக்கல் தீரும் என்பாரும் உளர். மணிக்கட்டு சிறு குடையை வீசும் கைக்கும் அவசரப் பிடிகளை இழுக்கும் கைக்கும் உரியது. மார்பின் இருபுறமும் கழற்றும் பிடியும் மாற்று வான்குடையின் பிடியும் இருக்கின்றன. உயிர்காக்கும் கருவிகள் இல்லாத இடம் குதிப்பாளரின் உடலில் அநேகமாக இல்லை. கேமராவின் எடை மிகக் குறைவு என்ற வாதமும் இங்கே உதவாது. ஒன்றரைக் கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள பழைய கேமராக்களை அணிந்தவர்கள் வான்குடை விரியும் கணத்தின் உலுக்கலில் கழுத்தெலும்பு காயமுறும் என்று அஞ்சிக் கவனமாக இருந்தார்கள். இன்று 150 கிராம் அளவே உள்ள கருவி அந்த அச்சத்தைப் போக்கிவிட்டது. கயிறு மாட்டுவதற்கு எடை தேவையில்லை என்பதால் அச்சம் போனதே புதிய ஆபத்தாகிவிட்டது.

அனுபவம் மிகுந்தவரையும் கேமரா எந்த அளவுக்கு மறக்கச் செய்யும் என்பதற்கு 1988ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் லூயிஸ்பர்க் என்ற ஊரில் நடந்த நிகழ்வு மறுக்க முடியாத சான்றாக நிற்கிறது. ஐவன் லெஸ்டர் மக்குவயர் 800க்கும் மேற்பட்ட குதிப்புகளைச் செய்தவர். பயிற்றுநர் ஒருவரும் மாணவர் ஒருவரும் சேர்ந்து குதிப்பதைப் படம்பிடிப்பதற்காக அன்று விமானத்தில் ஏறினார். தலைக்கவசத்தில் கேமராவும் முதுகில் ஒளிப்பதிவுக் கருவியும் இருந்தன. வான்குடை மட்டும் இல்லை. அது இல்லாமலேயே அவர் குதித்தார். முதுகில் இருந்த கருவியின் எடையே வான்குடை இருப்பதாக அவரை நம்பச் செய்திருக்கும் என்று பின்னர் கருதப்பட்டது. அவருடைய கேமரா பதிவு செய்துகொண்டே இருந்தது. வான்குடையைத் தேடி இல்லாததை அவர் உணரும் கணம் வரை அந்த நாடாவில் இருந்தது. 800 குதிப்புகளில் படிந்த பழக்கத்தையும் படம்பிடிக்கும் வேலை ஒரே நாளில் மறைத்துவிட்டது என்றால், 30 அல்லது 40 குதிப்புகள் மட்டுமே செய்த ஒருவரிடம் அது என்ன செய்யும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது என்பதும் இதே நிகழ்விலிருந்து பெறப்படும் பாடமாகும். 200 என்பது கதவு திறக்கும் இடமே தவிர அதற்கப்பால் ஆபத்து இல்லை என்று அது உறுதியளிப்பதில்லை.

இத்துறையின் படப்பிடிப்புக் கலை பெரும் ஆளுமைகளால் வளர்க்கப்பட்டது என்பதையும் மறத்தல் ஆகாது. 1969இல் வெளியான தி ஜிப்ஸி மாத்ஸ் என்ற ஹாலிவுட் படத்திற்காக வானில் ஒளிப்பதிவு செய்த கார்ல் போனிஷ், தலைக்கவசக் கேமராவின் முன்னோடிகளுள் ஒருவர். விழும்போது படம்பிடிப்பது தனித் தொழில் என்ற நிலையை உருவாக்கியவர்களில் அவருக்கு முக்கிய இடம் உண்டு. தொழில்முறைப் படப்பிடிப்பாளர் கைகளுக்கும் இடுப்புக்கும் இடையே துணி இறக்கைகள் தைத்த உடையை அணிந்து தம் வீழ்ச்சி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் எதிரிலிருப்பவரோடு சமமாக விழுகிறார். பற்களால் கடித்து இயக்கும் விசையைக் கொண்டு புகைப்படம் எடுக்கிறார். எல்லோரும் பிரிந்து வான்குடை விரிக்கும் உயரத்தில் தாம் எங்கே இருப்பது என்பதைத் தரையிலேயே திட்டமிட்டு வைக்கிறார். புதியவர் பார்த்து ஏங்கும் படங்களுக்குப் பின்னால் இருப்பது இத்தகைய உழைப்பு.

இந்தியச் சூழலில் இந்த 200 என்ற எண் வேறு வகையில் கனக்கிறது. ஆண்டு முழுவதும் இயங்கும் குதிப்புத் தளங்கள் இங்கே மிகக் குறைவு. அரியானாவில் நார்னோல் அருகே பச்சோத் ஓடுதளத்தில் பொதுமக்களுக்கான குதிப்புகள் நடக்கின்றன, மத்தியப் பிரதேசம் உஜ்ஜைனில் சுற்றுலா விழாவாக நடத்துகிறது, மற்ற இடங்களில் சில நாள் முகாம்களே அமைகின்றன. இந்திய விமானப்படையில் 1987இல் தொடங்கப்பட்ட ஆகாஷ் கங்கா குழுவினரைப் போல ஆக்ராவின் பயிற்சிப் பள்ளியில் தொடர்ச்சியாகப் பயில்பவர்களுக்கு எண்ணிக்கை விரைவில் கூடும். இந்தியாவின் முதல் பெண் வான்குதிப்பாளராகிய ரேச்சல் தாமஸ் 1979இல் முதல் குதிப்பைச் செய்து, 2002இல் வடதுருவத்தில் குதித்து, 2005இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய பயணம் எத்தனை ஆண்டுகளின் பொறுமையைக் கோரியது என்பதை அந்தத் தேதிகளே சொல்லிவிடும். ஆண்டுக்கு ஒரு முகாமில் நான்கைந்து குதிப்புகள் மட்டுமே வாய்க்கும் போச்சம்பள்ளித் தொழிலாளி ஒருவருக்கு 200 எட்டாத எண்ணாகத் தோன்றுவதும், எப்போதோ கிடைக்கும் வாய்ப்பைப் படமாக்காமல் விடுவதா என்ற எண்ணம் எழுவதும் நியாயமே. ஆயினும் ஆண்டுக்கு ஐந்து முறை குதிப்பவர் மாதந்தோறும் குதிப்பவரைவிடப் பழக்கம் விட்டவர். அவருக்குக் கேமரா கூடுதல் தொலைவில் இருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறத்தக்க முடிவு. 50 குதிப்புகள் அண்மைக் காலத்தவையாக இருக்க வேண்டும் என்று கையேடு வற்புறுத்துவதும் இதனால்தான்.

தமிழ்நாட்டின் இந்தப் பகுதிக்கு ஒரு துயர நினைவும் உண்டு. போச்சம்பள்ளியிலிருந்து சாலை வழியாக ஓரிரு மணி நேரத்தில் அடையத்தக்க சேலம் விமான நிலையத்தில் 2014ஆம் ஆண்டு மே மாதம் நடந்த குதிப்பில், பெங்களூரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் வான்குடை உரிய முறையில் விரியாமல் உயிரிழந்தார். கேமராவைப் பற்றிப் பேசும் இடத்தில் அதை நினைவுகூர்வதற்குக் காரணம், புதியவருக்குக் கிடைக்கும் சில விநாடிகள் எத்தனை இறுக்கமானவை என்பதை இம்மாவட்டங்கள் அருகிலிருந்தே அறிந்திருக்கின்றன என்பதாகும்.

நிலவியலும் இங்கே தன் பங்குக்குக் கவனத்தைக் கோருகிறது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கர்நாடகப் பீடபூமியின் விளிம்பில் இருக்கிறது. சேலமோ 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் கீழே கிடக்கிறது. குதிப்பாளரின் உயரமானி காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் காட்டுவதால், தரையிறங்கும் இடத்தில் அதைச் சுழியத்தில் நிறுத்திய பின்னரே அதன் முள் உண்மை பேசும். சேலத்தில் நிறுத்திய முள்ளோடு ஓசூர்ப் பகுதியில் ஒருவர் குதிப்பதாகக் கொண்டால், கருவி காட்டும் உயரத்திற்கும் காலுக்குக் கீழுள்ள உயரத்திற்கும் 600 மீட்டர் வேறுபாடு வந்துவிடும். உயரமான நிலத்தில் காற்றின் அடர்த்தி குறைவாக இருப்பதால் வான்குடை முன்னோக்கிச் செல்லும் வேகமும் தரையிறங்கும் வேகமும் சற்றுக் கூடும். பெலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் தனியார் ஓடுதளத்தைச் சுற்றியும், போச்சம்பள்ளி, பர்கூர் வழியாகவும் பறந்து பார்ப்பவருக்குக் கீழே தெரிவன மாந்தோப்புகள், தென்னைகள், கருங்கல் குன்றுகள், உயர் அழுத்த மின்கம்பிகள், ஆலைக் கூரைகள். இத்தகைய நிலத்தின்மேல் வான்குடையைத் திருப்பி இறக்குபவரின் கண்கள் கேமராவின் நிலையைத் தேடிக்கொண்டிருக்கலாகாது. விபத்துகளில் கணிசமானவை குடை ஒழுங்காக விரிந்த பின்னர், தரையிறங்கும்போது நிகழ்பவை என்பதையும் புதியவர்கள் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே ஒருவர் தயாராகிவிட்டார் என்பதை எண்ணிக்கையோடு சேர்த்து வேறு சிலவற்றைக் கொண்டும் பயிற்றுநர்கள் மதிப்பிடுகின்றனர். உயரமானியைப் பார்க்காமலேயே தாம் இருக்கும் உயரத்தை அவரால் ஏறத்தாழச் சரியாகச் சொல்ல முடிகிறதா, குழுவாகக் குதிக்கும்போது பிரியும் உயரத்தில் பிறர் சொல்லாமலே விலகிச் செல்கிறாரா, காற்று மாறிய நாளிலும் குறித்த இடத்தில் இறங்குகிறாரா, குடை முறுக்கிக்கொண்டபோது பதறாமல் வரிசைப்படி செயல்பட்டாரா என்பவை அவற்றுள் முதன்மையானவை. தம் தவறுகளைப் பயிற்றுநரிடம் தாமே முன்வந்து சொல்பவர் ஒருவர் இருந்தால் அவர் தயார்நிலைக்கு நெருங்கிவிட்டார் என்று கொள்ளலாம். படம் நன்றாக வந்ததா என்பதையே முதலில் கேட்பவர் இன்னும் தயாராகவில்லை. இந்த இரண்டாவது அடையாளம் எந்தக் கையேட்டிலும் இல்லாவிட்டாலும் மற்றவற்றைவிட நம்பகமானது.

தகுதி வந்த பிறகும் கேமரா படிப்படியாகவே அறிமுகம் பெற வேண்டும். தலைக்கவசத்தை அணிந்து தரையில் நின்றபடியே கழற்றும் பிடியையும் மாற்று வான்குடைப் பிடியையும் கவச விடுவிப்புப் பிடியையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகுவது முதற்படி. அடுத்த சில குதிப்புகளைத் தனியாகவோ அனுபவசாலி ஒருவருடனோ மிக எளிய திட்டத்தோடு செய்வதும், கேமரா இயங்காவிட்டால் வானில் அதைத் தொடுவதே இல்லை என்று விமானம் ஏறும் முன் முடிவு செய்துகொள்வதும் நல்லது. உடன் குதிப்பவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கேமரா ஒன்று அருகில் இருக்கிறது என்று தெரிந்தாலே மனிதர்கள் அதை நோக்கி வருவதும், அதற்காகச் சிரிப்பதும், உயரத்தை மறப்பதும் இயல்பாகையால், படம்பிடிப்பவர் தம்மை மட்டுமன்றிப் படத்தில் வருபவர்களையும் காத்துக்கொள்ள வேண்டியவராகிறார்.

படம் வேண்டாம் என்று இக்கட்டுரை கூறவில்லை. தம் உடல் வானில் எப்படி இருந்தது என்பதைத் தரையிறங்கியபின் திரையில் காண்பது மாணவருக்குக் கிடைக்கும் சிறந்த பாடங்களுள் ஒன்று. ஆனால் அந்தப் படத்தை எடுப்பவர் பயிற்சி பெற்ற மற்றொருவராக இருக்க வேண்டும். பயிற்றுநரோடு ஒரே இணைப்பில் கட்டப்பட்டுக் குதிக்கும் டேண்டம் முறையில், கட்டணத்தோடு படமும் பல இடங்களில் கிடைக்கிறது. முதன்முறை குதிப்பவரின் ஆசைக்கு அது போதுமானது.

மத்திய அரசு 2022 ஜூன் மாதம் வெளியிட்ட தேசிய வான் விளையாட்டுக் கொள்கை, பாராசூட் குதிப்பு உள்ளிட்ட பதினொரு விளையாட்டுகளை ஒரே குடைக்கீழ் கொண்டுவந்து, இந்திய வான் விளையாட்டுக் கூட்டமைப்பைத் தலைமை அமைப்பாக வைத்திருக்கிறது. அக்கூட்டமைப்பு கேமராவுக்கான தகுதியைப் பரிந்துரையாக விடாமல் முகாம் நடத்துவோரின் கட்டாய விதியாக்க வேண்டும்; பதிவேட்டைச் சரிபார்த்துக் கையொப்பமிடாமல் எந்தப் புதியவரையும் கேமராவுடன் விமானத்தில் ஏற்றக்கூடாது என்பதை உரிம நிபந்தனையாக்க வேண்டும். தலைக்கவசத்தில் கேமரா பொருத்துவதற்கு எதிராக கேரள மோட்டார் வாகனத் துறை 2022இல் நடவடிக்கை எடுத்தது. சாலைக்குப் பொருந்தும் அந்த அக்கறை வானுக்கும் பொருந்தும். விதி வரும்வரை முடிவெடுக்க வேண்டியவர் குதிப்பவரே. முகாமுக்குப் பெயர் கொடுக்கவிருக்கும் போச்சம்பள்ளி, ஓசூர் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கேமராவுக்கென எடுத்துவைத்திருக்கும் பணத்தை அடுத்த சில குதிப்புகளுக்கே செலவிடுங்கள், பதிவேட்டில் 200ஆவது வரி எழுதப்பட்ட பின்னர், உங்கள் பயிற்றுநரிடம் கேட்டுவிட்டு, அதை வாங்குங்கள்.